வெறும் வண்டி கொடுத்த மைலேஜ்

"இந்த வண்டி எவ்வளவு கொடுக்கும்?" என்று கேட்டுக்கொண்டு ஒருவர் உங்கள் மேஜைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தால், பதில் சொல்வதற்கு முன் ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். அந்த நேரத்தில் கேட்டவர் யார், கூட வந்தவர் யார், வண்டியை ஓட்டுபவர் யார் என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். பிறகு வாயைத் திறக்கலாம். எனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. கைகூப்புவது எப்படி, கோபப்படுகிறவரைப் பார்த்துச் சிரிப்பது எப்படி, மாதக் கடைசியில் வாடிக்கையாளரைக் கெஞ்சி ஐந்து நட்சத்திரம் வாங்குவது எப்படி என்பதெல்லாம்தான் சொல்லித் தந்தார்கள்.

சமீபத்தில் உங்கள் பயிற்சி வகுப்பில் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு சால்வை போர்த்தி, பேச்சைக் கொஞ்சம் உற்சாகமாக வைத்துக்கொள்ளுங்கள் மேடம் என்று காதோடு சொன்னார்கள். அப்படியே பேசினேன். முடியும்போது பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "மைலேஜ் கம்ப்ளெய்ண்ட் வந்தா எப்படி மேடம் சமாளிக்கிறது?" என்று கேட்டாள். நேரமாகிவிட்டது என்று மைக்கை வாங்கிக்கொண்டார்கள். அவளுக்கான பதில்தான் இது. இதில் உற்சாகம் இருக்காது.

மன்னார்புரம் பக்கம் ஒரு கார் ஷோரூமில், சர்வீஸ் பிரிவில், புகார் கேட்கும் நாற்காலியில் பல வருஷம் உட்கார்ந்திருந்தவள் நான். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. எதுவாக இருந்தாலும் நீங்கள் இப்போது பார்ப்பதைத்தான் நானும் பார்த்திருப்பேன்.

ஏழு பேர் உட்காரும் பெரிய வண்டிகள் வந்த பிறகு எங்களுக்குத் தலைவலி கூடிப்போனது. சின்னக் கார் வாங்குகிறவர் மைலேஜைக் கேட்டுவிட்டுத்தான் வாங்குவார். பெரிய வண்டி வாங்குகிறவர் குடும்பத்தை மனதில் வைத்து வாங்குவார். மைலேஜ் என்று ஒன்று இருப்பது வாங்கிய பிறகுதான் ஞாபகம் வரும். விளம்பரத்தாளில் லிட்டருக்குப் பதினாறு கிலோமீட்டர் என்று அச்சடித்திருக்கும். வீட்டில் ஒன்பது வந்தாலே பெரிய விஷயம். மூன்று வரிசையிலும் ஆள் ஏறி, மூன்று வரிசைக்கும் ஏசி போட்டு, காவிரிப் பாலத்தில் ஊர்ந்து, உத்திர வீதியில் ஆட்டோவுக்கும் மாட்டுக்கும் ஒதுங்கி ஒதுங்கிப் போனால் எந்த வண்டிதான் பதினாறு கொடுக்கும்? இதை வாங்க வந்த அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொன்னால் வண்டி விற்காது என்பதால் சொல்ல மாட்டார்கள். விற்ற பிறகு சமாளிப்பது என் தலையில் விழும்.

சமாளிக்க எங்களிடம் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, மைலேஜ் டெஸ்ட். டேங்கை வழிய வழிய நிரப்பி, டயரில் காற்றைக் கொஞ்சம் கூடுதலாக அடித்து, வண்டிக்குள் இருக்கும் குடை, செருப்பு, தண்ணீர்க் கேன் எல்லாவற்றையும் எடுத்து ஒரு பையில் போட்டு வெளியே வைத்துவிட்டு, மதுரை ரோட்டில் விராலிமலை வரை ஒரே வேகத்தில் போய்த் திரும்புவது. ஏசி கிடையாது. இதற்கென்றே எங்களிடம் ஒரு டிரைவர் இருந்தார். மைலேஜ் அண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் ஓட்டுவார், பெடலில் கால் பட்டதே தெரியாது. திரும்பி வந்து மறுபடி டேங்கை நிரப்பினால் விளம்பரத்தாளுக்குப் பக்கத்தில் ஒரு எண் வந்து நிற்கும். வாடிக்கையாளர் வாயடைத்துப் போவார். இதில் பொய் ஒன்றும் இல்லை. பெட்ரோலும் நிஜம், கிலோமீட்டரும் நிஜம். அப்படி யாரும் குடும்பத்தோடு வண்டி ஓட்டுவதில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது வழி இதைவிட மோசம். டெஸ்ட் முடிந்ததும் எங்கள் மேனேஜர் வாடிக்கையாளரின் தோளில் கை வைத்து ஓரமாக அழைத்துப் போவார். "வண்டில ஒண்ணும் இல்ல சார், நீங்களே பாத்தீங்க. டிரைவர் வச்சிருக்கீங்களா? நான் எதுவும் சொல்லக் கூடாது. நீங்க கொஞ்சம் பாத்துக்குங்க." அவ்வளவுதான். வண்டியின் மேல் இருந்த கோபம் ஒரு மனிதன் மேல் இறங்கிவிடும், எங்கள் புகார் முடிந்துவிடும். இப்படி எத்தனை பேர் வேலை இழந்தார்கள் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒருவர் வந்தார். அரசு அலுவலகத்தில் தணிக்கை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், அதனால் எங்களுக்குள் அவருக்கு ஆடிட் சார் என்று பெயர். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருமண், சத்தம் போடாத பேச்சு. மகன், மருமகள், அவர்களின் இரண்டு பிள்ளைகள், நாங்கள் மாமி என்று கூப்பிட்ட அவர் மனைவி என எல்லோரும் ஒன்றாகக் கோயில் குளம் போக வேண்டும் என்று ஓய்வுக் காலப் பணத்தில் ஏழு சீட் வண்டி வாங்கியிருந்தார். வண்டி ஆறு கொடுக்கிறது என்பது புகார். ஒவ்வொரு தடவையும் டேங்க் நிரப்பி அவரே கணக்குப் போட்டிருந்தார். அந்தக் கணக்கில் தப்பில்லை.

ஆறு என்பது எனக்கே கொஞ்சம் உறுத்தியது. ஸ்ரீரங்கத்துத் தெருக்களைக் கணக்கில் எடுத்தாலும் அவ்வளவு கீழே வரக் கூடாது. வண்டியைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தோம். ஒழுகல் இல்லை, அடைப்பு இல்லை. டெஸ்டுக்குத் தேதி கொடுத்தோம்.

அன்று மாமியும் வந்திருந்தார். டெஸ்ட் மத்தியானம் முடிந்துவிடும், போகிற வழியில் கண்டோன்மென்ட் பக்கம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகலாம் என்று ஏற்பாடு. வீட்டு டிரைவர் தங்கராசுதான் வண்டியைக் கொண்டு வந்து விட்டார். ஜீயபுரத்துக்காரர், நாற்பதைத் தாண்டியவர். தினமும் பைக்கில் ஸ்ரீரங்கம் வந்து, அதை அந்த வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, வண்டியை எடுப்பார். வீட்டில் படிக்கிற பெண்கள் இரண்டு பேர், வருமானம் இவர் ஒருவருடையது.

ஆடிட் சார் மைலேஜ் அண்ணனுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். ஏசி இல்லாமல் வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தவரின் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். பதினைந்தரை வந்திருந்தது. வண்டி நல்ல வண்டி, தான் ஏமாறவில்லை என்ற நிம்மதி. அந்த நிம்மதி அடங்குவதற்குள் மேனேஜர் வந்து தோளில் கை வைத்துவிட்டார்.

வாடிக்கையாளர்கள் காபி குடித்துக்கொண்டு டிவி பார்க்கும் கூடத்தில், நாலு பேர் நடுவில், ஆடிட் சார் தங்கராசுவைக் கூப்பிட்டார்.

"வண்டி பதினஞ்சரை கொடுக்கறது. எங்காத்துல ஆறு கொடுக்கறது. மீதி எங்கேப்பா போச்சு?"

"எனக்குத் தெரியலைங்கய்யா. நான் எடுக்கலைங்க."

"நீ எடுத்தேன்னு நான் சொல்லலையே. எங்கே போச்சுன்னுதான் கேக்கறேன். உன் பைக்ல மட்டும் எப்பப் பாத்தாலும் டேங்க் ரொம்பியிருக்கே, அது எப்படி?"

"ஜீயபுரத்துலேர்ந்து வரணும்ங்க. வழியில நின்னுட்டா நேரத்துக்கு வர முடியாதுன்னு முன்னாடியே போட்டு வச்சுக்குவேங்க."

"சரி. நான் கத்தப்போறதில்லை. ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்துடறேன், அவா விசாரிச்சுக்கட்டும்."

கத்தியிருந்தால்கூடத் தேவலை. வாழ்நாள் முழுவதும் தணிக்கை பார்த்த மனிதர். குறைகிறது என்றால் எடுத்தவன் ஒருவன் இருந்தே ஆக வேண்டும் என்பது அவர் புத்தியில் ஊறிப்போனது. தங்கராசு கையைப் பிசைந்துகொண்டு நின்றார். போலீஸ் வரை போன டிரைவரிடம் இந்த ஊரில் யாரும் சாவியைக் கொடுக்க மாட்டார்கள். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மாமி அதே கூடத்தில், டிவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். திரும்பவே இல்லை.

மேனேஜர் என்னிடம் வந்தார். "டெஸ்ட் ரிப்போர்ட்டைப் பிரிண்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டு, சீல் வச்சுக் கொடுங்க மேடம். சார் கம்ப்ளெய்ண்ட்டோட இணைக்கணுமாம். இன்னைக்கே க்ளோஸ் பண்ணிடலாம்."

அவர் குரலில் அத்தனை சந்தோஷம். நான் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வண்டியிலிருந்து காலையில் எடுத்து வைத்த சாமான் பையைத் திருப்பி வைக்கப் போனேன். அதுவரை அந்தப் பைக்குள் என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. மேலே ஒரு சின்னத் தலையணை. அதன் கீழே பழைய நூல் புடவையை இரண்டாக மடித்துத் தைத்த போர்வை. ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு, முட்டிவலித் தைலம். வண்டியின் கதவைத் திறந்தேன். நடு வரிசையில் இடது பக்கத்து சீட் நன்றாகச் சாய்த்து விடப்பட்டிருந்தது. ஏசி வரும் துவாரங்கள் எல்லாம் அந்த ஒரு சீட்டைப் பார்த்துத் திருப்பப்பட்டிருந்தன.

தங்கராசு வண்டி கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பையைக் காட்டினேன்.

"இது யாருது தங்கராசு?"

அவர் பையைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். "கேக்காதீங்க மேடம்."

"உங்களைப் போலீஸுக்கு அனுப்பப்போறாங்க. நான் கையெழுத்துப் போடணும். சொல்லுங்க."

பையை வாங்கித் தலையணையை உள்ளே அழுத்தி வைத்தார். "பிள்ளைங்களை அழைக்கப் போறப்ப அம்மா வெள்ளனவே கிளம்பிருவாங்க. பார்க்கிங் கிடைக்காதுன்னு வீட்டுல சொல்லிருவாங்க. ஸ்கூல் பக்கத்துல மரத்தடியில நிப்பாட்டுவேன். மணி அடிக்கிற வரைக்கும் அம்மா வண்டிக்குள்ள தூங்குவாங்க. அவ்வளவுதான் மேடம்."

"ஏசி ஓடிக்கிட்டே இருக்குமா?"

"ஆமாங்க. இந்த வெயில்ல கண்ணாடியை ஏத்திட்டு ஏசி இல்லாம எப்படிங்க? ரோட்டோரம் இறக்கி வச்சுட்டும் தூங்க முடியாது. நான் வெளியில நிப்பேன்."

"தினமுமா?"

"லீவு நாள் தவிர."

ஓட்டம் கொஞ்சம், நிற்பது அதிகம். நிற்கும்போதெல்லாம் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும், கிலோமீட்டர் மட்டும் ஏறாது. ஆறு எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிந்துபோனது.

"நின்னா பெட்ரோல் செலவாகும்னு அம்மாகிட்ட நீங்க சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா அம்மா தூங்க மாட்டாங்க மேடம்."

எனக்கு அழுகை வந்தது. மூன்று அடி தள்ளித் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்த பையன்கள் பார்க்கிறார்கள் என்று அடக்கிக்கொண்டேன். அப்புறம் கூடத்துக்குப் போய், "மாமி, கொஞ்சம் உள்ள வாங்க" என்று பெண்கள் அறைக்கு அழைத்துப் போனேன். பையைப் பார்த்ததுமே அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஏம்மா, வண்டிதான் ஓடவே இல்லையே. ஒரே எடத்துல நிக்கறதுக்கு எதுக்குப் பெட்ரோல்?"

எப்படி என்று சொன்னேன். ஏசி ஓட வேண்டுமானால் இன்ஜின் ஓட வேண்டும், இன்ஜின் ஓடினால் பெட்ரோல் எரியும். அவர் சிரமப்பட்டுத்தான் நம்பினார். இந்த வண்டியை விற்றபோது மூன்று வரிசைக்கும் ஏசி என்று அரை மணி நேரம் பெருமை பேசிய எங்கள் பையன், இந்த ஒரு வரியை அவருக்குச் சொல்லவில்லை. வாங்குகிறவர் ஆடிட் சார்தானே, மாமிக்கு எதற்கு என்று நினைத்திருப்பான்.

"அய்யோ பெருமாளே. தங்கராசு ஒரு வார்த்தை சொல்லலையே." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காலம்பர நாலு மணிக்கு எழுந்து ஆறு பேருக்குத் தளிகை பண்றேம்மா. மத்தியானம் செத்த படுத்தா, உடம்புக்கு என்ன, டாக்டர்கிட்ட போகலாமா, மாத்திரை போட்டுண்டயான்னு கேள்வி மேல கேள்வி. பகல்ல ஏசி போட்டா கரண்ட் பில்லுன்னு ஒரு பிரசங்கம். இந்த வண்டியில ஏறினாத்தான் என்னை யாரும் ஒண்ணும் கேக்கறதில்லை."

"சார்கிட்ட நீங்களே சொல்லிடுங்க மாமி."

"சொன்னா இனிமே நான் தனியா வண்டியில ஏற முடியாதும்மா."

"நான் சொல்ல மாட்டேன். ஆனா விஷயம் போலீஸ் வரைக்கும் போகுது."

அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு போய் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே டிவியைப் பார்த்தார். எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. ஒருவரின் ஒரு மணி நேரத் தூக்கத்துக்கும் இன்னொருவரின் பிழைப்புக்கும் நடுவில் நிற்க வேண்டிய வேலை என்று இந்த நாற்காலியைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. உங்களுக்கும் சொல்ல மாட்டார்கள்.

மேனேஜரின் அறையில் ஆடிட் சார் காத்துக்கொண்டிருந்தார். நான் ரிப்போர்ட்டை மேஜையில் வைத்தேன். கையெழுத்துக்கு மேலே என் கையால் எழுதியிருந்தேன்: இரண்டே பேரோடு, சாமான் இல்லாமல், ஏசி இல்லாமல், நெடுஞ்சாலையில் எடுத்த அளவு இது, வீட்டு உபயோகத்துக்கு இதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. மேனேஜர் படித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் மறக்கவில்லை.

"அப்போ காலம்பர எடுத்த டெஸ்ட் பொய்யா?" என்றார் ஆடிட் சார்.

"பொய் இல்ல சார். அது வெறும் வண்டியோட கணக்கு. உங்க வீட்டுல என்னைக்காவது வெறும் வண்டி ஓடுதா? உங்க ஓட்டத்துக்கு இதுல பாதி வந்தாலே நல்லதுன்னு நினைச்சுக்கணும். விக்கும்போதே சொல்லியிருக்கணும், சொல்லலை. அதுக்கு உங்க டிரைவர் என்ன பண்ணுவார்?"

"பாதின்னாலும் எட்டு வரணுமே. ஆறு எப்படி வந்தது?"

கணக்கு தெரிந்த மனிதரிடம் மாட்டிக்கொண்டேன். "ஸ்கூல் வாசல்ல நிக்கிறப்ப ஏசி ஓடும் சார். அதுக்கும் பெட்ரோல் போகும்" என்று மென்று முழுங்கினேன்.

"நிக்கறச்சே எதுக்கு ஏசி?" என்றவர், எழுந்து நேராகக் கூடத்துக்குப் போனார். நாங்கள் பின்னாலேயே ஓடினோம். வாசலில் நின்ற தங்கராசுவைக் கூப்பிட்டார். "ஏசியைப் போட்டுண்டு உள்ள படுத்துத் தூங்கறயா நீ?"

தங்கராசு நிமிர்ந்து ஒரு கணம் மாமியைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"நான்தான் போடச் சொன்னேன்" என்றார் மாமி. டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்தான் சொன்னார். "நேக்கு வேர்க்கறது."

ஆடிட் சார் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். கூடத்தில் இருந்தவர்களும் பார்த்தார்கள். "அப்போ இவன் எடுக்கலை" என்று என்னிடம் கேட்டார்.

"எடுக்கலை சார்."

"சரி" என்று சொல்லி ரிப்போர்ட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தங்கராசுவிடம் ஒரு வார்த்தை இல்லை. தப்பாக நினைத்துவிட்டேன் என்று சொல்லத் தெரியாத வயதும் இல்லை, படிப்பும் இல்லை. "பிள்ளைகளுக்கு மணி அடிச்சிருக்கும், வண்டியை எடு" என்றார். அவ்வளவுதான் கிடைத்தது அந்த மனிதருக்கு.

எனக்குக் கிடைத்ததையும் சொல்லிவிடுகிறேன். ஆடிட் சார் என் கையெழுத்தை வைத்தே கம்பெனிக்கு எழுதினார்: விளம்பரத்தில் சொன்ன மைலேஜ் வராது என்று உங்கள் ஆளே ஒப்புக்கொண்டிருக்கிறார். கம்பெனி அவருக்கு இலவச சர்வீஸ், சீட் கவர் என்று எதையெதையோ கொடுத்துச் சமாதானம் செய்தது. என்னை இன்சூரன்ஸ் புதுப்பிக்கும் மேஜைக்கு மாற்றினார்கள். "நீங்க கம்பெனி பக்கமா கஸ்டமர் பக்கமா மேடம்?" என்று மேனேஜர் கேட்டார். மூன்றாவதாக ஒரு ஆள் அங்கே நின்றுகொண்டிருந்தது அவர் கண்ணில் படவே இல்லை. ஓய்வு பெறும் வரை அந்த இன்சூரன்ஸ் மேஜையிலேயே இருந்தேன். அடுத்து வந்த வாடிக்கையாளரின் தோளிலும் மேனேஜர் கை வைத்தார். மைலேஜ் அண்ணன் எப்போதும் போல விராலிமலைக்குப் போய் வந்துகொண்டிருந்தார்.

இத்தோடு முடிந்திருந்தால் உங்களுக்கு ஒரு பாடம் சொல்லி முடித்திருப்பேன். ஒரு எண்ணை நிரூபிப்பதற்கு முன்னால் அது யார் தலையில் போய் விழும் என்று பாருங்கள் என்று சொல்லியிருப்பேன். பயிற்சி வகுப்பில் எழுதிப் போட நன்றாகத்தான் இருக்கும்.

சில மாதங்களில் ஆடிட் சார் அந்த வண்டியை விற்றுவிட்டார். சின்னக் கார் ஒன்று வாங்கி அவரே ஓட்டப் பழகிக்கொண்டார். பள்ளிக்கூடத்துக்கும் அவரே போகிறார், மாமி போவதில்லை. வண்டி போனதால் டிரைவரும் வேண்டியதில்லை என்று ஆகிவிட்டது. மரியாதையாகத்தான் கணக்கை முடித்து அனுப்பினார்களாம். தங்கராசு என்னைத் தேடி வந்து இதையெல்லாம் சொன்னார். அப்போது தொட்டியத்திலிருந்து வாழைத்தார் ஏற்றிவரும் மினி லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். லோடு இருந்தால்தான் கூலி, இல்லாத நாளில் ஒன்றும் இல்லை.

ஷோரூமில் இருக்கிறவர்களிடம் நல்ல டிரைவர் இருந்தால் சொல்லுங்கள் என்று பத்துப் பேர் கேட்டு வைத்திருப்பார்கள். தில்லைநகரில் ஒரு டாக்டர், கை சுத்தமான ஆளாக இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். தங்கராசுவை அனுப்பினேன். டாக்டருக்குப் பிடித்துப்போய், முதல் தேதியிலிருந்து வரச் சொல்லிவிட்டார். அப்புறம் அவரிடமிருந்து எனக்கு ஃபோன் வந்தது.

"மேடம், நீங்க அனுப்பின ஆளு மேல ஏதோ பெட்ரோல் விவகாரமாமே?"

"அவர் எடுக்கவே இல்லை சார். டெஸ்ட் பண்ணி, விசாரிச்சு, அவர் எடுக்கலைன்னு உறுதியாயிடுச்சு."

"ஆமா, பழைய ஓனரும் அதைத்தான் சொன்னாரு. ரொம்ப நல்லவிதமாத்தான் சொன்னாரு. இருந்தாலும் எதுக்கு மேடம் வம்பு, நான் வேற ஆள் பாத்துக்கறேன்."

அதற்கு முன்னால் போன இடங்களிலும் இதுவேதான் நடந்திருக்கிறது என்று தங்கராசு மறுபடி வந்தபோது தெரிந்தது. ஆடிட் சாரைக் கேட்டவர்களிடமெல்லாம் அவர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். ஓட்டம் எப்படி, குணம் எப்படி என்று கேட்டால், பெட்ரோல் எடுத்தானோ என்று சந்தேகப்பட்டோம், முறையாகச் சோதித்துப் பார்த்துவிட்டோம், எடுக்கவில்லை என்று ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறார். தணிக்கையில் சந்தேகம் தீர்ந்தால் அப்படித்தான் எழுதுவார்களாம். இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்று தங்கராசுவே அவருக்காகப் பரிந்து பேசினார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"இனிமே அவர் நம்பரை யாருக்கும் கொடுக்காதீங்க தங்கராசு. என் நம்பரைக் கொடுங்க. உங்களைப் பத்தி நான் சொல்றேன்."

அவர் ஹெல்மெட்டை மடியில் வைத்து அதன் வாரை இழுத்துவிட்டார்.

"அய்யா வீட்டுல ஏன் நின்னுட்டேன்னு கேட்டா என்ன மேடம் சொல்வீங்க?"

"வண்டியை வித்துட்டாங்கன்னு சொல்வேன்."

"ஏன் வித்தாங்கன்னு கேப்பாங்களே."

"மைலேஜ் வரலைன்னு சொல்வேன். வண்டி மேலதான் குறை, நீங்க எடுக்கலைன்னு சொல்வேன்."

"அதைத்தானே மேடம் அய்யாவும் சொல்றாரு" என்றார் தங்கராசு.